இழப்பீட்டில் வக்கீலுக்குப் பங்கு உண்டா?

விபத்தில் அடிபட்டவருக்குக் கையில் காசில்லை. வழக்கு நடத்த வக்கீல் வேண்டும். வருகிற தொகையில் இத்தனை சதவீதம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று பேசி, வக்காலத்தில் கையெழுத்துப் போட்டுவிடலாமா? அமெரிக்காவில் இது அன்றாட நடைமுறை. இங்கிலாந்தில் பல நூற்றாண்டுகள் குற்றமாகக் கருதப்பட்டு, இன்று உச்சவரம்போடு அனுமதிக்கப்படுகிறது. நியூசிலாந்தில் விபத்துக் காயங்களைப் பொறுத்தவரை அந்தக் கேள்வி எழுவதே அரிது. இந்தியாவிலோ ஒரு வக்கீல் அப்படிப் பேரம் பேசுவது தொழில் ஒழுங்கீனம். ஆனாலும் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயங்களின் வராந்தாவில் ‘பர்சென்டேஜ்’ என்ற சொல்லுக்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை.

இது யாரோ சிலரின் பிரச்சினை அல்ல. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022இல் மட்டும் நாட்டில் 4,61,312 சாலை விபத்துகள் நடந்தன. 1,68,491 பேர் இறந்தார்கள், 4,43,366 பேர் காயமடைந்தார்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் அதற்குமுன் ஒரு வக்கீலிடமும் போயிருக்க மாட்டார்கள். வாழ்க்கையின் முதல் வழக்கை, உடைந்த எலும்போடு, கடன் வாங்கிய ஆஸ்பத்திரிச் செலவோடு தொடங்குகிறவர்கள் அவர்கள்.

தடையின் வேர்

வக்கீல் கூலி வாங்கலாமா என்ற கேள்வியே பங்குக் கேள்விக்கு மூத்தது. கி.மு. 204இல் ரோமில் வந்த சின்சியா சட்டம், வழக்காடுபவர் அதற்காகப் பரிசோ பணமோ பெறுவதைத் தடுத்தது. தடை வெறும் ஏட்டளவில் நின்றுவிட்டதால், கி.பி. 47இல் பேரரசர் கிளாடியஸ் பத்தாயிரம் செஸ்டர்ஸ் என்று ஓர் உச்சவரம்பை வைத்தார். கூலியை ஏற்ற பிறகும், வழக்கில் கிடைப்பதில் பங்கு பேசுவதை ரோமானியச் சட்டம் ஏற்கவில்லை. முழுத் தடை, அது நடைமுறையில் தோற்பது, பிறகு வரம்போடு அனுமதி என்ற இந்த வரிசை பின்னாளில் வேறு நாடுகளிலும் திரும்பியது.

இங்கிலாந்தின் அச்சம் வேறு வகை. இடைக்காலத்தில் செல்வாக்குள்ள பிரபுக்கள் அடுத்தவர் நில வழக்குகளுக்குப் பணம் போட்டு, ஜெயித்த நிலத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டார்கள். நீதிமன்றம் வேட்டைக்களமாகிவிடும் என்று பயந்து, பிறர் வழக்கில் பங்கு வாங்குவதைக் குற்றமாக்கினார்கள். அந்தப் பிரபுக்கள் போன பிறகும் சட்டம் தங்கிவிட்டது. 1967ஆம் ஆண்டின் குற்றவியல் சட்டம்தான் அதைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கியது. வக்கீலுக்கான தடை அப்போதும் நீங்கவில்லை.

தடையை ஆதரிப்பவர்களின் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. வக்கீல் கட்சிக்காரரின் ஆள் மட்டுமல்ல, நீதிமன்றத்துக்கும் பொறுப்பானவர். தீர்ப்புத் தொகையில் தனக்கே பங்கு இருக்கும்போது, பொய்ச் சாட்சியைத் தடுக்க வேண்டியவருக்கு அதைக் கண்டுகொள்ளாமல் விடும் ஆசை வரும். இரண்டாவது காரணம் இன்னும் கனமானது. இழப்பீடு என்பது லாபம் அல்ல. போன காலுக்கும், இனி வராத சம்பளத்துக்கும் ஈடாக வருவது. அதில் கால்வாசி வெளியே போனால், தீர்ப்பாயம் ‘நியாயமான இழப்பீடு’ என்று கணக்கிட்ட தொகை அடிபட்டவர் கைக்கு ஒருபோதும் முழுதாக வராது.

அமெரிக்காவும் இங்கிலாந்தும்

மறுபக்கத்தின் வாதம் ஒரே வரியில் அடங்கும்: பங்கு இல்லையென்றால் ஏழைக்கு வக்கீல் இல்லை. அமெரிக்காவில் மூன்றில் ஒரு பங்கு என்பது காய வழக்குகளில் பழகிப்போன அளவு. தோற்றால் கட்டணம் இல்லை. தோல்வியின் சுமை, அதைத் தாங்கக்கூடிய வக்கீலின் தலைக்குப் போகிறது. ஜெயிக்காத வழக்கை அவர் தொட மாட்டார் என்பதால் பொய் வழக்குகளும் வடிகட்டப்படும் என்பது இவர்களின் துணை வாதம்.

இந்த வாதத்தின் பலவீனம் அதன் உள்ளேயே இருக்கிறது. ஜெயிக்கக்கூடிய வழக்கு வேறு, நியாயமான வழக்கு வேறு. பொறுப்பு சந்தேகத்துக்கே இடமில்லாத, காப்பீட்டு நிறுவனம் கொடுத்தே தீர வேண்டிய வழக்கில் வக்கீலுக்கு இடர் என்று ஒன்றும் இல்லை. அங்கும் அதே மூன்றில் ஒரு பங்கு என்றால், அது எதற்கான விலை? இன்னொன்றும் உண்டு. இன்னும் ஓராண்டு வாதாடினால் கட்சிக்காரருக்குக் கூடுதலாக மூன்று லட்சம் கிடைக்கலாம். வக்கீலுக்கு அதில் வரும் சிறு பங்கு அந்த ஓராண்டு உழைப்புக்குக் கட்டாது. இன்றே சமரசம் செய்துகொண்டு அடுத்த வழக்குக் கட்டுக்குப் போவதுதான் அவருக்கு லாபம். இருவரின் நலனும் ஒன்றாகிவிடும் என்ற கணிப்பு பாதி தூரம்தான் செல்லும்.

இங்கிலாந்து தடைக்கும் பங்குக்கும் நடுவே பல வழிகளைச் சோதித்துப் பார்த்தது. 1990ஆம் ஆண்டுச் சட்டம் ‘ஜெயித்தால் கட்டணம்’ ஒப்பந்தத்துக்கு வழிவிட்டது. 1995 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அங்கே வக்கீல் பெறுவது தொகையில் பங்கு அல்ல, வழக்கமான கட்டணத்தின் மேல் ஒரு வெற்றிக் கூடுதல். 1999ஆம் ஆண்டுச் சட்டம் அந்தக் கூடுதலைத் தோற்ற தரப்பின் தலையிலேயே கட்டியது. அடிபட்டவருக்குச் செலவில்லை என்பதால் கட்டணத்தைக் கேள்வி கேட்க யாருமில்லாமல் போனது, வழக்குச் செலவுகள் ஏறின. நீதிபதி ரூபர்ட் ஜாக்சனின் ஆய்வுக்குப் பிறகு, 2013 ஏப்ரலில் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. இப்போது காய வழக்குகளில் கூடுதல் கட்டணம் கட்சிக்காரரின் இழப்பீட்டிலிருந்தே வருகிறது, 25 சதவீத வரம்புடன். எதிர்காலப் பராமரிப்புக்கும் எதிர்கால வருமான இழப்புக்கும் தரப்படும் தொகையில் வக்கீல் கைவைக்க முடியாது என்பது அந்த வரம்பின் உள்ளே இருக்கும் முக்கியமான பாதுகாப்பு. இந்தியாவில் ‘இங்கிலாந்தைப் போல 25 சதவீதம்’ என்று பேசுபவர்கள் இதை விட்டுவிடக் கூடாது. நம் தீர்ப்பாயங்கள் கொடுக்கும் பெரிய தொகைகளில் மிகப் பெரும் பகுதி எதிர்கால வருமான இழப்புதான். அதை ஒதுக்கிவிட்டால் வக்கீலுக்கான பங்கு சிறுத்துவிடும், ஒதுக்காவிட்டால் அது இங்கிலாந்தின் முறையே அல்ல.

இந்தியச் சட்டத்தின் இரு குரல்கள்

இந்தியாவின் நிலை வெளியிலிருந்து பார்ப்பவருக்கு முரணாகத் தெரியும். 1876இல் கல்கத்தாவிலிருந்து போன ஒரு மேல்முறையீட்டில், இங்கிலாந்தின் பங்குத் தடைச் சட்டம் இந்தியாவில் அப்படியே செல்லாது என்று பிரிவி கவுன்சில் சொன்னது. பணமில்லாதவரின் நியாயமான வழக்குக்கு ஒருவர் பணம் போட்டு அதில் பங்கு பெறுவதில் தவறில்லை, பேரம் கொள்ளையாக இருந்தால் மட்டும் செல்லாது என்பது அதன் சாரம். ஆக, வெளியாள் பங்கு வாங்கலாம். 2018இல் உச்ச நீதிமன்றமும், வக்கீல் அல்லாதவர் வழக்குக்கு நிதி தருவதற்குத் தடை ஏதும் தெரியவில்லை என்று குறிப்பிட்டது.

வக்கீலுக்கு மட்டும் அந்த உரிமை இல்லை. 1954இல் பம்பாயின் மூத்த வக்கீல் ஒருவர், கிடைப்பதில் பாதி என்று எழுதி வாங்கிய வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாக்கியது. வேறொருவர் செய்திருந்தால் ஒப்பந்தம் செல்லும், வக்கீல் செய்ததால் அது தொழில் ஒழுங்கீனம். இந்திய பார் கவுன்சில் விதிகளில் 20ஆவது விதியும் இதையே சொல்கிறது: வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசவோ, கிடைக்கும் தொகையில் பங்கு பெறவோ கூடாது.

சட்டத்துக்கும் நடப்புக்கும் உள்ள தூரம் 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த தெலங்கானா வழக்கில் வெளிப்பட்டது. 1998இல் சாலை விபத்தில் கணவரை இழந்த பெண் ஒருவர் வக்கீலுக்கு 10 லட்சம் ரூபாய் கொடுத்திருந்தார். அதன் பிறகும் 3 லட்சம் ரூபாய்க்குக் காசோலை எழுதி வாங்கப்பட்டது. அது பணமில்லாமல் திரும்பியபோது, கணவரை இழந்தவர் மீதே செக் மோசடி வழக்குப் பாய்ந்தது. தீர்ப்புத் தொகையின் சதவீதமாகக் கட்டணம் கேட்பது பொதுக் கொள்கைக்கு எதிரானது, ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆவது பிரிவின்படி செல்லாது என்று சொல்லி நீதிபதிகள் அந்தக் குற்றவழக்கை ரத்து செய்தார்கள். வக்கீல் தொழிலின் ஒழுங்கைக் காக்கச் சரியான கண்காணிப்பு முறை வேண்டும் என்று அரசுக்கும் சொன்னார்கள்.

தடை இருக்கிறது, பங்கும் இருக்கிறது என்றால் தடை என்ன செய்கிறது? பங்கை ஒழிப்பதற்குப் பதிலாக அதற்கான காகிதத்தை ஒழிக்கிறது என்றே நினைக்கத் தோன்றுகிறது. எழுதினால் ஒழுங்கீனம் என்பதால் எதுவும் எழுதப்படுவதில்லை. எத்தனை சதவீதம், எந்தத் தொகையில், வட்டியும் சேர்த்தா, மருத்துவச் செலவைக் கழித்தா என்பதெல்லாம் வாய்ப்பேச்சாக இருக்கிறது. ரசீது கிடையாது. 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம், வக்கீல்களின் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று முடிவு செய்ததால் நுகர்வோர் ஆணையத்துக்கும் போக முடியாது. மாநில பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். கையெழுத்துப் போடத் தெரிந்த அளவே படித்த ஒருவர், எழுத்தில் இல்லாத ஒரு பேரத்தை அங்கே எப்படி நிரூபிப்பார்?

இதே தடையை வைத்துக்கொண்டு வேறு விதமாகவும் பேச முடியும் என்பதற்குச் சிங்கப்பூர் ஓர் உதாரணம். ஆஸ்திரேலியாவில் அடிபட்ட ஒருவரின் வழக்கில் 40 சதவீதம் பேசிய வக்கீல் 2013இல் தற்காலிகமாகத் தொழிலிலிருந்து விலக்கப்பட்டார். அதே தீர்ப்பில், ஏழைக் கட்சிக்காரர் ஜெயித்தால்தான் தன் நியாயமான கட்டணம் வரும் என்று தெரிந்தே வழக்கை எடுப்பது கௌரவமான செயல் என்றும் அந்த நீதிமன்றம் சொன்னது. காத்திருந்து வாங்குவது சரி, பங்கு போடுவது தவறு என்ற இந்தக் கோடு நம் விவாதங்களில் போதுமான அளவு பேசப்படவில்லை.

முதல் வாரத்தில் வருபவர் யார்

கட்டணத்தைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் ஒரு கட்டத்தைத் தாண்டிவிட்டுப் பேசுகிறார்கள். அடிபட்டவர் வக்கீலைத் தேர்ந்தெடுக்கிறாரா, வக்கீலிடம் சேர்க்கப்படுகிறாரா?

பார் கவுன்சிலின் 36ஆவது விதி விளம்பரத்தையும் தரகர் மூலம் ஆள் பிடிப்பதையும் தடுக்கிறது. இதில் ஒரு பக்க விளைவு உண்டு. நல்ல வக்கீல் தன்னைப் பற்றி விளம்பரம் செய்துகொள்ள முடியாது. விதியை மீறும் தரகரோ அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலிலேயே நிற்க முடியும். காயமடைந்தவரின் குடும்பத்துக்குக் கிடைக்கும் ஒரே ‘தகவல்’ அவர்தான். அவருக்குப் போகும் கமிஷனும் கடைசியில் இழப்பீட்டிலிருந்தே வருகிறது.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் விளம்பரத்தையும் ஆள் பிடிப்பதையும் தனித்தனியாகப் பிரித்தது. 1977இல் வக்கீல் விளம்பரத்தை அனுமதித்தது. அடுத்த ஆண்டே, விபத்தில் அடிபட்டு மருத்துவமனையில் படுத்திருந்த 18 வயதுப் பெண்ணிடம் நேரில் போய் வழக்குப் பிடித்த ஓஹியோ வக்கீல் மீதான ஒழுங்கு நடவடிக்கையை உறுதி செய்தது. 1995இல், விபத்து நடந்து 30 நாள் வரை பாதிக்கப்பட்டவர்களுக்கு வக்கீல்கள் கடிதம் அனுப்பக் கூடாது என்ற ஃபுளோரிடா விதியையும் ஏற்றது. யோசிக்க அவகாசம் தரும் அந்த ஏற்பாடு மனிதத்தன்மை உள்ளது.

நம் சட்டம் இதற்கு எதிர்த்திசையில் நகர்ந்திருக்கிறது. விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்ற கெடு 1994இல் நீக்கப்பட்டிருந்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அதைத் திரும்பக் கொண்டுவந்தது, 2022 ஏப்ரல் முதல் அமலில் இருக்கிறது. தொடையில் கம்பி வைத்துப் படுத்திருப்பவருக்கு ஆறு மாதம் என்பது கண்மூடித் திறக்கும் நேரம். அவசரம் கூடினால் முதலில் வந்தவரிடமே கையெழுத்துப் போவதும் கூடும். இந்தக் கெடுவின் செல்லுபடி உச்ச நீதிமன்றத்தின் முன் இருக்கிறது. தாமதத்தைக் காரணம் காட்டி மனுக்களைத் தள்ளக் கூடாது என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவும் வந்தது.

தரகு மலியும் இடத்தில் பொய் வழக்கும் மலியும் என்பதற்கு உத்தரப் பிரதேசம் சாட்சி. அங்கே போலி விபத்து மனுக்களை விசாரிக்கச் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்கப்பட்டது. 2021இல் அந்த மாநில பார் கவுன்சில் 28 வக்கீல்களை இடைநீக்கம் செய்தது. காப்பீட்டு நிறுவனங்கள் இதைக் காட்டி உண்மையான மனுக்களையும் சந்தேகத்தோடு பார்க்கின்றன. அதன் விலையைக் கொடுப்பவர்கள் நிஜமாகவே அடிபட்டவர்கள்.

வக்கீலின் உழைப்பு எங்கே தெரியும்

இழப்பீட்டுக் கணக்குக்கு இப்போது ஓரளவு உறுதியான வாய்ப்பாடு இருக்கிறது. 2009இல் உச்ச நீதிமன்றத்தின் சரளா வர்மா தீர்ப்பு வயதுக்கேற்ற பெருக்கெண்களைத் தந்தது. 2017இல் பிரணய் சேத்தி வழக்கின் அரசியல் சாசன அமர்வு, எதிர்கால வருமான உயர்வுக்கு எவ்வளவு சேர்ப்பது என்பதை நிர்ணயித்தது. வாய்ப்பாடு இருக்கும்போது வக்கீலுக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

32 வயதுத் தச்சர், விபத்தில் ஒரு கை போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 15,000 ரூபாய் சம்பாதித்தார் என்பது நிரூபிக்கப்பட்டால், சுயதொழிலில் 40 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கான 40 சதவீதத்தைச் சேர்த்து 21,000 ஆகும். ஆண்டுக்கு 2,52,000. அவர் வயதுக்குரிய பெருக்கெண் 16. மொத்தம் 40,32,000 ரூபாய். இது முழு வருமான இழப்பு என்று ஏற்றால் கிடைப்பது. மருத்துவரின் ஊனச் சான்றில் 60 சதவீதம் என்று இருந்து, தீர்ப்பாயம் அதையே வருமான இழப்பாகவும் எடுத்துக்கொண்டால் 24,19,200. வருமானத்துக்குச் சாட்சியே இல்லை என்று மாதம் 10,000 ரூபாயாக அனுமானித்தால் அது 16,12,800ஆக இறங்கும். அதே மனிதர், அதே கை. வித்தியாசம் 24 லட்சத்துக்கும் மேல்.

உடல் ஊனத்தின் சதவீதமும் சம்பாதிக்கும் திறன் இழந்த சதவீதமும் ஒன்றல்ல என்று 2010இல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. கை போன தச்சரோ ஓட்டுநரோ பிழைப்பையே இழக்கிறார், அரசு அலுவலக எழுத்தர் வேலையில் தொடர முடியும். இந்த வேறுபாட்டைத் தீர்ப்பாயத்தின் முன் நிறுத்துவதுதான் வக்கீலின் வேலை. மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல் (ஏ.ஆர். காப்பி), காயச் சான்றிதழ், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றிலும் தேதி ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். சிகிச்சை அளித்த மருத்துவரைக் கூண்டில் ஏற்ற வேண்டும். பட்டறைக்காரரை அழைத்து வந்து கூலியைச் சொல்ல வைக்க வேண்டும். எதிர்த்தரப்பில் காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீல் இதே வேலையை ஆண்டுக்கணக்கில் செய்துவருபவர்.

வக்கீலே வேண்டாம் என்பவர்கள்

நியூசிலாந்தில் நீதிபதி ஓவன் உட்ஹவுஸ் தலைமையிலான ஆணையம் 1967இல் தந்த அறிக்கை, விபத்து வழக்குகளை ஒரு குலுக்கல் சீட்டைப் போலத்தான் பார்த்தது. 1974 முதல் அங்கே காயத்துக்கு அரசு அமைப்பே இழப்பீடு தருகிறது, வழக்குப் போடும் உரிமை பெரும்பாலும் நீக்கப்பட்டது. இங்கிலாந்தில் சட்ட அறிஞர் பேட்ரிக் அட்டியா இதை ஒட்டிய விமர்சனத்தைப் பல பத்தாண்டுகள் எழுதினார். நியூசிலாந்து ஏற்பாட்டின் குறை, விபத்தில் முடமானவருக்கும் நோயில் முடமானவருக்கும் இடையே அது உண்டாக்கும் ஏற்றத்தாழ்வு.

இந்தியாவில் இதன் சிறு விதைகள் உண்டு. மோதிய வண்டி எதுவென்றே தெரியாத விபத்தில் மரணத்துக்கு 2 லட்சமும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் வழக்கின்றிப் பெறலாம். 2022இன் விதிகள்படி போலீஸ் 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையையும், 90 நாளில் விரிவான அறிக்கையையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த அறிக்கையையே மனுவாக எடுத்துக்கொள்ளலாம் என்கிறது சட்டம். டெல்லியில் உயர் நீதிமன்றத்தின் மேற்பார்வையில் வளர்ந்த முறை இது. எல்லாக் காவல் நிலையங்களிலும் இது ஒழுங்காக நடந்தால் தரகரின் பிழைப்பே போய்விடும்.

மக்கள் நீதிமன்றம் இன்னொரு வழி. வேகம் அதன் பலம், மேல்முறையீடு இல்லை என்பதே அதன் ஆபத்தும். மேலே பார்த்த தச்சருக்கு 16 லட்சத்தில் சமரசம் ஆகிவிட்டால், மீதி எவ்வளவு வந்திருக்கும் என்பது அவருக்குத் தெரியவே போவதில்லை. கட்டணமில்லா வக்கீலைச் சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலம் பெறும் உரிமை, 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆவது பிரிவின்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழில்துறைத் தொழிலாளர்கள் எல்லோருக்கும் வருமானம் பார்க்காமலே உண்டு. ஆஸ்பத்திரி வார்டில் இதைச் சொல்ல ஆள் இல்லை.

பணம் எந்தக் கணக்குக்கு

இழப்பீட்டுப் பணம் போய்ச் சேரும் வழியில்தான் கடந்த சில ஆண்டுகளில் உண்மையான மாற்றம் தெரிகிறது. தொகை தீர்ப்பாயத்தில் கட்டப்பட்டு, மனுப் போட்டு, செக் வாங்கி, அதை வக்கீல் அலுவலகம் வழியாகப் பெறும் பாதையில்தான் கணக்கில்லாத பிடித்தங்கள் நடந்தன. சென்னை உயர் நீதிமன்றம் 2016இல் வங்கிப் பரிமாற்றத்தை வலியுறுத்தியது. உச்ச நீதிமன்றம் 2021இல் அதை நாடு முழுவதற்கும் எடுத்துச் சென்றது, 2025 மார்ச்சில் பாதிக்கப்பட்டவரின் வங்கிக் கணக்குக்கே நேரடியாக அனுப்பலாம் என்று வழிகாட்டியது. படிக்காதவர்களின் தொகையை நிரந்தர வைப்பில் போட வேண்டும் என்று 1990களில் அதே நீதிமன்றம் சொன்னதும் இந்த ஏமாற்றுகளுக்கு அஞ்சித்தான். அரசுப் பேருந்து மோதிய வழக்குகளில், தொகை வராமல் பேருந்தையே ஜப்தி செய்யும் காட்சி தமிழ்நாட்டு நீதிமன்ற வாசல்களில் இன்னும் நிற்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

முடிவாகாதவை

பங்கைத் தடுப்பதா, வரம்போடு அனுமதிப்பதா என்பதற்கு இங்கே உறுதியான விடை சொல்வது கடினம். தடையின் கீழ் உண்மையில் எவ்வளவு வாங்கப்படுகிறது என்பது எந்தப் பதிவேட்டிலும் இல்லை. தடையைத் தூக்கினால் ரகசியம் வெளிச்சத்துக்கு வரலாம், இப்போது குறைவாக வாங்குபவரும் வரம்பின் உச்சத்தைத் தொடலாம். இரண்டும் நடக்கக்கூடியவைதான்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத சில காரியங்கள் உண்டு. கட்டணம் எவ்வளவு, எப்போது, எந்த முறையில் என்பதை எழுத்தில் தந்து ரசீது கொடுப்பதை எந்த விதியும் தடுக்கவில்லை. வக்கீலை மாற்ற விரும்பும் கட்சிக்காரரின் வழக்குக் கட்டைக் கட்டண பாக்கிக்காகப் பிடித்து வைக்கக் கூடாது என்று 2000ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அடிபட்டவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும் என்பது வேறு. தீர்ப்பு வரும் நாளில் தீர்ப்பாயமே வக்கீலின் கட்டணத்தைத் தனித் தலைப்பில் நிர்ணயித்து, அதை எதிர்த்தரப்பிடமிருந்து இழப்பீட்டுக்கு மேல் வாங்கித் தரலாமா, அப்படிச் செய்தால் இங்கிலாந்தில் 1999க்குப் பிறகு நடந்தது போலச் செலவு ஏறாமல் காப்பது எப்படி என்ற கேள்விக்கு இந்தியச் சூழலில் இன்னும் விரிவான ஆய்வு தேவைப்படுகிறது.